நான்காவது பிசின் தட்டு

நான் கையால் தேய்த்துச் செய்யும் தொலைநோக்கி ஆடியின் விளிம்பு நேற்று விடியற்காலை 5.40க்குச் சரியாகிவிட்டது. மூன்று மாதமாக என்னைத் தூங்கவிடாமல் செய்த விளிம்புச் சரிவு, அதாவது ஓரம் மட்டும் கூடுதலாகத் தேய்ந்து தாழ்வது, போயே போய்விட்டது. ஆடியிலிருந்து திரும்பி வரும் ஒளியைச் சவர பிளேடால் மறைத்து, நிழலில் மேடுபள்ளம் பார்ப்பதுதான் சோதனை. பிளேடை நூலளவு நகர்த்தினேன். 150 மில்லிமீட்டர் ஆடி முழுவதும் ஒரே சமயத்தில் சாம்பல் பூத்து மங்கியது. ஓரத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒளிநூல் ஒரே தடிமனில் நின்றது. வீட்டில் எல்லாரையும் எழுப்பிக் காட்டினேன். என் வீட்டுக்காரர் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "நிலா மாதிரி தட்டையாகத் தெரிகிறதே" என்றார். அதைக் கேட்கத்தான் மூன்று மாதமாகக் காத்திருந்தேன்!

அரைத்த கதையை விட்டுவிடுகிறேன். 80ஆம் எண் பெருந்தூளில் அரைக்கத் தொடங்கி 500ஆம் எண் நுண்தூள் வரை வந்தவர்களுக்கு அந்தச் சத்தமும் முழங்கை வலியும் தெரியும். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். குவியத்தூரம், அதாவது ஆடியிலிருந்து ஒளி ஒன்றுசேரும் இடம் வரை, 1200 மில்லிமீட்டர் என்று வைத்தேன். அதனால் வளைவின் ஆரம் 2400. நடுப்பள்ளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கணக்கில் நான்கு நாள் மாட்டிக்கொண்டேன். இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்றோடு படிப்பை விட்டவள் நான்; வட்டத்தின் கணிதம் அதற்கு மேல் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வாசலில் ஆணி அடித்து, 2400 மில்லிமீட்டர் கயிறு கட்டி, சுண்ணாம்பால் வில் வரைந்து, அதன்மேல் 150 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு இழுத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. 75ஐ 75ஆல் பெருக்கி 4800ஆல் வகுத்தால் 1.17 மில்லிமீட்டர். ஆடியின் குறுக்கே இரும்பு அளவுகோலை வைத்து, 1.2 மில்லிமீட்டர் துளைப்பான் ஊசியின் தண்டு நடுவில் உரசிக்கொண்டு நுழைகிறதா என்று பார்த்து அரைப்பதை நிறுத்தினேன்.

இனி பிசினுக்கு வருகிறேன். அரைத்த ஆடியைப் பிசின் பூசிய தட்டில் தேய்த்துத்தான் மெருகேற்ற வேண்டும். அந்தத் தட்டுக்கு ஊற்றும் பைன் மரப் பிசின்தான் இந்த வேலையின் உயிர். நான் படித்த குறிப்புகளெல்லாம் 20 பாகை செல்சியஸ் அறையில் உட்கார்ந்து எழுதியவை. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நடுப்பகலில் என் சமையலறை 33 பாகை. அவர்கள் சொன்ன அளவுக்கு டர்பென்டைன் விட்டு முதல் தட்டை ஊற்றினேன். அரை மணி நேரத்தில் வெட்டிவைத்த வாய்க்கால்கள் மூடிக்கொண்டன. பிசின் பாகு போல ஓரத்தில் வழிந்து ஆடியின் விளிம்பைத் தின்றுவிட்டது. இரண்டாவது தட்டுக்குக் கோபத்தில் அதிக நேரம் காய்ச்சினேன். அது கல்லாகிவிட்டது, சீரியம் என்ற மெருகுத் தூளைப் பிடித்துக்கொள்ளாமல் ஆடி முழுவதும் முடி போன்ற நுண்கீறல்கள். மூன்றாவது தட்டின் பதம் சரிதான். ஆனால் வேலை முடிந்து வந்து மாலை நான்கு மணிக்கு உட்கார்ந்தேன். மறுபடியும் விளிம்பு சரிந்தது.

புதிதாகச் செய்பவர்களுக்கு: வீட்டுக்குள் காய்ச்சாதீர்கள். டர்பென்டைன் ஆவி தீப்பிடிக்கும். வெளியில், நெருப்பு இல்லாத மின் அடுப்பில், தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து உருக்குங்கள்.

பதம் பார்ப்பதுதான் கை வித்தை. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, அந்தத் தண்ணீர் நீங்கள் வேலை செய்யப்போகும் நேரத்து வெப்பத்தில் இருக்கும்படி கால் மணி நேரம் வையுங்கள். பிறகு கட்டைவிரல் நகத்தை மிதமாக ஊன்றி ஐந்து எண்ணுங்கள். அரை சென்டிமீட்டர் நீளத்துக்குத் தழும்பு விழ வேண்டும். விழவே இல்லையென்றால் கடினம். நகம் புதைந்தால் மென்மை. நான் செய்த தவறு, குழாய்த் தண்ணீரில் பதம் பார்த்துவிட்டு வெயில் நேரத்தில் தேய்த்தது. இரண்டு மூன்று பாகை ஏறினாலே பிசினின் குணம் மாறிவிடுகிறது.

இது புரிந்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. இருபத்திரண்டு வருடம் கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டினேன். விடியுமுன் மர நிரைக்குப் போய்விடுவோம், ஏனென்றால் குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் வடிவது குறைந்துவிடும். தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றிய பிறகும் என் உடம்பு நான்கு மணிக்கு விழித்துக்கொள்வதை நிறுத்தவில்லை. அந்த வேளையை இத்தனை வருடம் வீணாகப் படுத்துக் கழித்திருக்கிறேன். நான்காவது தட்டை அதிகாலை 4.30க்கு, தொட்டித் தண்ணீர் 25 பாகையில் இருந்தபோது பதம் பார்த்தேன். துளி தேன்மெழுகு சேர்த்தேன். வாய்க்கால்களை நடுப்புள்ளியிலிருந்து விலக்கி வெட்டினேன். ஒவ்வொரு நாளும் தேய்க்கும் முன் கொசுவலைத் துண்டை ஆடிக்கும் தட்டுக்கும் இடையில் வைத்து, மேலே பத்துக் கிலோ அரிசி மூட்டையை ஏற்றி இருபது நிமிடம் அழுத்தினேன். ஆறரைக்கு மேல் தொடுவதில்லை. பதினொரு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம்.

தேய்த்த கையோடு சோதிக்காதீர்கள். கைச்சூட்டில் கண்ணாடி வீங்கும்; ஆடியில் இல்லாத மேடு தெரியும். நான் நாற்பது நிமிடம் காத்திருக்கிறேன். நேற்று மட்டும் பொறுக்க முடியாமல் முதல் நாள் தேய்த்ததை, அன்றைய தேய்ப்புக்கு முன்பே பார்த்தேன். இரவு முழுவதும் ஆறியிருந்ததால் அதுதான் மிக நம்பகமான சோதனையாகவும் அமைந்தது.

சோதனைக் கருவி இரண்டு பிளேடு, ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு, பிளேடை நகர்த்த ஓர் எம்6 போல்ட். அந்த போல்ட்டின் மரை ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரு மில்லிமீட்டர் நகரும். தலையில் அட்டை வட்டம் ஒட்டி இருபதாகப் பிரித்திருக்கிறேன். ஆடி சமையலறைக் கோடியில், நான் கூடத்தில். 1858இல் பிரான்சின் லியோன் பூக்கோ கண்டுபிடித்த முறை இது. அவர் மருத்துவம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டவர். 1781இல் யுரேனஸைக் கண்ட வில்லியம் ஹெர்ஷலும் இங்கிலாந்தின் பாத் நகரில் இசை வாசித்துப் பிழைத்தவர். தொலைநோக்கி ஆடிகளைத் தானே தேய்த்துக் கற்றார். இவர்களின் படம் என் தையல் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

தானே கற்பவருக்குச் சொல்லித்தர ஆள் இல்லாதது பெரிய குறையில்லை. திருத்த ஆள் இல்லாததுதான் குறை. பால் மரத்தில் அந்தக் குறை எனக்கு இருந்ததில்லை. பட்டையில் போடும் வெட்டுக்கும் மரத்தின் உயிர்ப்படலத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரை விட்டுவைத்து வெட்ட வேண்டும். ஆழம் போனால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பல மாதம் கழித்தும் யார் கை தவறியது என்று காட்டிவிடும். பூக்கோவின் நிழல் அதே வேலையைப் பத்து விநாடியில் செய்கிறது. அதனால்தான் இந்தக் கலை எனக்கு ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

இதைச் சொல்லும்போது ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் தலைநகரில் நடந்த ஒரு வார இறுதிப் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். எஸ்.பி.எம். (படிவம் ஐந்து இறுதித் தேர்வு) இல்லை என்று பாரத்தைத் திருப்பிவிட்டார்கள். அப்போதே நான் அரைத்து முடித்த ஆடி கையில் இருந்தது. அதைக் கொண்டுவந்து காட்டட்டுமா என்று கேட்டதற்குப் பதிலே வரவில்லை. இன்னும் மனம் ஆறவில்லை. என் அண்ணன் மகன் சான்றிதழ் இல்லாமல் பத்து வருடம் வெல்டிங் வேலை செய்தவன். செய்த வேலைகளின் ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுத்து, முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் பி.பி.தி. முறை வழியாக, வகுப்புக்குப் போகாமலே எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கினான். முன் அனுபவத்தை அப்படி மதிக்கும் வழி இந்த நாட்டில் கைத்தொழிலுக்கு இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அது தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொருள் கிடைக்கும் இடம் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். 19 மில்லிமீட்டர் தடிமன் கண்ணாடியை ஈப்போவில் கடை முகப்புக் கண்ணாடி பொருத்துபவர்களிடம் வெட்டுத்துண்டாக வாங்கினேன். இரண்டு வட்டங்கள் 90 வெள்ளி (ரிங்கிட்). பெருந்தூளுக்கு ஈப்போப் பக்கத்துப் பளிங்குக்கல் பட்டறைகளில் கேளுங்கள், சில்லறையாகவும் தருகிறார்கள். சீரியம், கார் கண்ணாடிக் கீறல் நீக்க விற்பதே போதும், ஆனால் தண்ணீரில் கலக்கி மேலே நிற்பதை மட்டும் எடுங்கள், அடிமண்டியைத் தொட வேண்டாம். டர்பென்டைன் தந்த இரும்புக்கடைத் தவுக்கே (முதலாளி), நான் மூன்றாம் முறை போனபோது, "அக்கா, வீடு முழுவதும் பெயின்ட் அடிக்கிறீர்களா?" என்று கேட்டார். நேரே வீட்டுக்கு அழைத்துவந்து ஆடியைக் காட்டினேன். தொலைநோக்கி முடிந்ததும் நிலவு பார்க்கத் தன் பேரனைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது பரவளையம், தூரத்து ஒளி முழுவதையும் ஒரே புள்ளியில் சேர்க்கும் வடிவம். இப்போதிருப்பது கோளத்தின் வளைவு. இதற்கும் பரவளையத்துக்கும் இடையே எடுக்க வேண்டிய கண்ணாடி ஏறத்தாழ 70 நானோமீட்டர்தான். கைக்கு இந்த அளவு தெரியாது, நிழலுக்குத் தெரியும். நடுவுக்கும் ஓரத்துக்கும் பிளேடு 2.34 மில்லிமீட்டர் வித்தியாசம் காட்ட வேண்டும், அதாவது என் போல்ட்டில் இரண்டே கால் சுற்றுக்குச் சற்று மேல்.

அதை முடிக்கும் முன்பே தொலைநோக்கிக் குழாய்க்கு ஒட்டுப்பலகை வாங்கிவிட்டேன். வெள்ளிப் பூச்சு இல்லாத வெறும் கண்ணாடியும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பும். நிலவுக்கு அது போதும். உண்மையான இலக்கு ஜூன் கடைசி. அப்போது இரவு பத்து மணியளவில் ஆல்பா சென்டாரி என்ற விண்மீன் எங்கள் ஊரில் தெற்கே 24 பாகை உயரத்தில் நிற்கும். கண்ணுக்கு ஒன்று, தொலைநோக்கியில் இரண்டு. அது இரட்டை என்று முதலில் கண்டவர் ழான் ரிஷோ என்ற பாதிரியார். 1689 டிசம்பரில், ஒரு வால்வெள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, புதுச்சேரியிலிருந்து. என் தாத்தா கப்பலேறிய நாகப்பட்டினத்துக்கு அது பக்கத்து ஊர் போலத்தான். அந்த இரண்டையும் நான் தேய்த்த ஆடியில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்குக் கனவாகவே ஆகிவிட்டது.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இந்த வாரம் எனக்கு மதிய வேலை. தட்டு தொட்டித் தண்ணீரில் கிடக்கிறது, மேலே ஈரத்துணி. நாளை 4.30க்கு நடுப்பகுதியில் முப்பது இழுப்பு மட்டும் கொடுத்து நிறுத்திவிட்டு, ஆறியதும் 2.34ல் எவ்வளவு வந்திருக்கிறது என்று எழுதுகிறேன்.