மடியில் கிடக்கும் டல்சிமர்

வீணை பழகிய எனக்கு, அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் மடியில் கிடத்தி வாசிக்கும் டல்சிமர் முதலில் குறைபட்ட வாத்தியமாகவே தோன்றியது. வீணையின் 24 மெட்டுகளில், அதாவது தந்திக்கு அடியில் பதித்த கட்டைகளில், கிடைக்கும் பன்னிரண்டு சுரத்தானங்களுக்கும் அதில் இடமில்லை. ஏழு சுரங்களுக்கு உரிய மெட்டுகள் மட்டுமே பதிக்கப்பட்டிருக்கும்.

அதன் பழைய வடிவத்தில் மூன்றே தந்திகள். வாசிப்பவரின் உடலுக்கு அருகில் உள்ள முதல் தந்தியின் மேல் இடக்கையில் பிடித்த சிறு குச்சியை அழுத்தி நகர்த்த, வலக்கையின் இறகுத்தண்டு மூன்று தந்திகளையும் சேர்த்தே மீட்டும். மற்ற இரண்டும் தம்பூராவைப் போலச் சுருதியாக நின்றுகொண்டிருக்கும். குச்சி ஒரு மெட்டிலிருந்து அடுத்ததற்கு வழுக்கும்போது மெல்லிய உரசல் ஒன்று கேட்கும். அதை நீக்கிவிட்டுப் பதிவு செய்தால் பாட்டே வெறுமையாகிவிடும் என்பேன்.

கென்டக்கி மாநிலத்தின் நாட் கவுண்டியில் வாழ்ந்த ஜே. எட்வர்ட் தாமஸ், 1871இல் தொடங்கி ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில் சுமார் 1,500 டல்சிமர்களைக் கையாலேயே செய்தார். இடை சிறுத்த உடலும், பலகையில் இதய வடிவில் வெட்டிய துளைகளும், முதல் தந்திக்கு அடியில் மட்டும் கம்பியை வளைத்து அடித்த குட்டை மெட்டுகளும் அவர் வேலையின் அடையாளங்கள். அக்கம்பக்கத்து மலையில் வைப்பர் என்னும் ஊரில் 1922இல் பதினான்காவது குழந்தையாகப் பிறந்த பாடகி ஜீன் ரிச்சி, தொடக்கூடாது என்று தந்தை சொல்லியிருந்த டல்சிமரைச் சிறுமியாக இருந்தபோதே ஒளிந்து பழகியவர். 1947இல் நியூயார்க் சென்ற அவருடைய குரல் வழியாகத்தான் மலைக்கு வெளியே பலர் இந்த நாதத்தை முதன்முதலில் கேட்டார்கள்.

மெட்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்து நான் எடை போட்டது தவறு என்பது சுருதி கூட்டும்போதுதான் விளங்கியது. முதல் தந்தியைப் பஞ்சமத்தில் (ப) வைத்தால் மூன்றாம் மெட்டு மேல் ஸட்ஜமாகி (ஸ), அங்கிருந்து சங்கராபரண ராகத்தின் சுரங்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. அதே தந்தியை மேல் ஸட்ஜத்துக்கு ஏற்றினால் மெட்டில் அழுத்தாத திறந்த தந்தியிலிருந்தே ஹரிகாம்போஜி ராகம் பிறக்கிறது. பாட்டு மாறும்போது தந்தியை இறுக்கும் முறுக்காணியைத் திருகிவிட்டு, ஒரு கணம் காத்திருந்து, காதால் சரிபார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

இன்றைய டல்சிமர்கள் பலவற்றில் ஆறாம் மெட்டுக்கும் ஏழாம் மெட்டுக்கும் இடையே ‘ஆறரை’ என்று ஒரு மெட்டு கூடுதலாக இருக்கும். சங்கராபரணத்துக்கு வேண்டிய காகலி நிஷாதம் (உயர்ந்த ‘நி’) அதில் கிடைத்துவிடுவதால் முறுக்காணியைத் தொடாமலே அந்த இரண்டு ராகங்களையும் வாசிக்கலாம். அந்த வசதியை மறுக்கவில்லை. ஆயினும் ஆறரை இல்லாத பழைய டல்சிமரையே என் மடி கேட்கிறது.