ஆசிரியர்களின் உற்சாகம் விழாவோடு முடிவதல்ல

ஆசிரியர் தினத்தில் கேக் வெட்டி, பரிசு கொடுப்பது நல்ல விஷயம்தான். ஆனால் மறுநாளே, இருக்கும் ஒரே ஓய்வு பாடவேளையையும் "அந்த வகுப்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பிடுங்கிக்கொண்டால் அந்த மகிழ்ச்சி எப்படி நிலைக்கும்?

உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-லேயே சொன்னார்: சம்பளம், பணிச்சூழல் சரியில்லாவிட்டால் மனக்குறை வரும், சரியானால் குறை தீரும், அவ்வளவுதான். வேலையில் ஆர்வம் பிறப்பது சாதித்த நிறைவு, அங்கீகாரம், பொறுப்பு இவற்றிலிருந்து. (சம்பளத்தைத் தள்ளிப்போட இதை யாரும் சாக்காக்க வேண்டாம்.)

"எல்லோரும் நன்றாக உழைத்தீர்கள்" என்று கூட்டத்தில் சொல்வது காற்றோடு போய்விடும். "பின்னத்தைக் காகிதம் மடித்து விளக்கினீர்களே, கடைசி பெஞ்சுப் பையன்கூடக் கை தூக்கினான்" என்று தலைமையாசிரியர் வராந்தாவில் நிறுத்திச் சொன்னால், அது வருடக்கணக்கில் மனதில் நிற்கும். அப்படிச் சொல்ல அவர் வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும், அதுவும் குறை கண்டுபிடிக்க அல்ல.

அப்புறம், கால அட்டவணை போடும் முன் ஆசிரியர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். எனக்கு இன்னும் முக்கியமாகத் தோன்றுவது ஒன்று உண்டு: பெற்றோர் கோபமாக வந்து நிற்கும்போது, ஆசிரியர் தரப்பைக் கேட்காமல் பெற்றோர்முன் அவரை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.