முன்நிலைத் தாளுக்குப் படிக்கிறவர்களுக்கு: ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

தகுதித் தேர்வு முடிவு போன வாரம் வந்தது. தேறிவிட்டேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். அதன் பிறகு ‘முன்நிலைகளும் பின்மாற்றங்களும்’ தாளுக்கு (முன்பு நடந்தது பின்னால் நடப்பதை எப்படி மாற்றுகிறது என்று கேட்கும் தாள்) எப்படிப் படித்தாய் என்று பலரும் கேட்பதால், மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். தாள் அமைப்பும் நேரப் பங்கீடும் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

பொருளியல், பரிணாமம், சூழலியல், இயற்பியல், மருத்துவம் என்று எல்லாமே கலந்து வரும் தாள் என்பதால், எல்லோரும் எடுத்துக்காட்டுகளைச் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். எங்கள் அணியில் ஒரு குறிப்புத் தொகுப்பு கைமாறிக்கொண்டே இருந்தது. ஆய்வாளர் பெயர், ஆண்டு, ஒரு வரியில் முடிவு, அவ்வளவுதான். அதை வரிவிடாமல் மனப்பாடம் செய்தவர்கள் என்னைவிடக் கடுமையாக உழைத்தவர்கள். அவர்களில் சிலருக்கு ஒப்பீட்டுக் கேள்வியில் மதிப்பெண் சரிந்துவிட்டது. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிடித்துக்கொண்ட கேள்வி இது: பழையது இப்போது எங்கே தங்கியிருக்கிறது?

முன்பு நடந்தது முடிந்துபோன விஷயம். அது இன்றைக்கும் வேலை செய்கிறது என்றால், இன்றைய உலகில் ஒரு பொருளிலோ பழக்கத்திலோ விதியிலோ எண்ணிக்கையிலோ அது இருந்தாக வேண்டும். அந்த இடத்தைச் சுட்டிக்காட்டினால்தான் அது விடை. ‘கடந்தகாலம் நிகழ்காலத்தைப் பாதிக்கிறது’ என்பது கேள்வியையே திருப்பி எழுதுவது.

காந்தமாக்கிய இரும்பில், உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் காந்தப் பகுதிகளின் திசையில் தங்கியிருக்கிறது. வெளியிலிருந்து கொடுத்த காந்தப்புலத்தை நிறுத்தினாலும் அந்தத் திசைகள் முழுதாகக் கலைவதில்லை. பாசி மண்டிய ஆழமற்ற ஏரியில், அடிச்சேற்றிலும் செத்துப்போன நீர்த்தாவரங்களின் இடத்திலும் தங்கியிருக்கிறது. சேற்றைப் பிடித்து வைத்த செடிகள் இல்லை. அதனால் அலையும் மீன்களும் சேற்றைக் கிளறுகின்றன, தண்ணீர் கலங்குகிறது, வெளிச்சம் இறங்குவதில்லை, செடி மறுபடி முளைப்பதில்லை. பாஸ்பரஸ் வரத்தைப் பழைய அளவுக்குக் குறைத்தாலும் ஏரி தெளியாது. அதற்கும் கீழே வெகுதூரம் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் மீன்களை அள்ளி வெளியேற்ற வேண்டும். இந்த ஏரியையும் இரும்பையும் ஒரே வரைபடத்தில் வரைய முடிந்தால் தயக்கக் கண்ணி (hysteresis loop: போன வழியிலேயே திரும்பாத வளைவு) உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். நான் படம் போட்டுப் படிக்கிற ஆள், அதனால் எனக்கு இது எளிதாக வந்தது. உங்களுக்குப் படம் ஒத்துவராவிட்டாலும் இந்த ஒன்றை மட்டும் வரைந்துவிடுங்கள்.

பரிணாமத்தில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கியின் ஈ. கோலை (குடலில் வாழும் பாக்டீரியா) சோதனை போதும், ஆனால் அதை அடிவரை படியுங்கள். 1988-இல் ஒரே மூதாதைப் பாக்டீரியத்திலிருந்து 12 குடுவைகளில் தொடங்கினார்கள். தினமும் ஒரு சிறு பங்கைப் புது ஊடகத்துக்கு (பாக்டீரியா வளரும் சத்துக் கரைசல்) மாற்றுவார்கள். 500 தலைமுறைக்கு ஒருமுறை மாதிரி எடுத்து உறையவைப்பார்கள். ஊடகத்தில் குளுக்கோஸ் கொஞ்சமாகவும் சிட்ரேட் நிறையவும் இருக்கும். ஆக்சிஜன் உள்ள சூழலில் ஈ. கோலையால் சிட்ரேட்டை உணவாகக் கொள்ள முடியாது. 31,500-ஆவது தலைமுறை வாக்கில் ஒரே ஒரு குடுவையில் மட்டும் சிட்ரேட்டைத் தின்னும் வகை வந்திருந்தது, பிறகு 33,000-ஐத் தாண்டியதும் அந்தக் குடுவை திடீரென்று கலங்கலானது. இது எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கக்கூடிய அரிய திடீர்மாற்றமா, இல்லை முன்னாடியே ஏதோ ஒன்று வழி திறந்து வைத்திருந்ததா? சாக்கரி பிளவுண்டும் கூட்டாளிகளும் அந்தக் குடுவையின் உறைந்த மாதிரிகளை எடுத்து, வெவ்வேறு தலைமுறைகளிலிருந்து மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். 2008-இல் முடிவு வெளியானது. 20,000-ஆவது தலைமுறைக்கு முந்தைய மாதிரிகள் எதிலும் அந்தத் திறன் திரும்ப வரவில்லை. பிந்தையவற்றில் சிலவற்றில் வந்தது.

இங்கே பழையது தங்கியிருக்கும் இடம் மரபணுத்தொகுதி. அதற்குச் சாட்சி உறைபெட்டியில் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து எழுதியதால்தான் அந்த விடைக்கு எனக்கு நல்ல மதிப்பெண் வந்தது என்று நம்புகிறேன். ஆக, கேள்வியின் மறுபாதி இது: அங்கேதான் தங்கியிருக்கிறது என்பதற்கு என்ன சாட்சி?

சமூக அறிவியலில் உறைபெட்டி கிடையாது. அங்கே ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

– எல்லைக்கோடு: மெலிசா டெல், 2010. பெருவில் 1573 முதல் 1812 வரை நடந்த மீத்தா என்ற கட்டாயச் சுரங்க உழைப்பு. அதன் எல்லைக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள பக்கத்துப் பக்கத்து ஊர்களை ஒப்பிட்டார். உள்ளே இருந்த ஊர்களில் குடும்ப நுகர்வு இன்றும் ஏறத்தாழ 25 சதவீதம் குறைவு. தங்கியிருக்கும் இடம்: நில உடைமை முறை, சாலைகள்.

– உடன்பிறப்பு: 1944–45 டச்சுப் பஞ்சம். கருவுற்ற சமயத்தில் பஞ்சத்தில் சிக்கியவர்களை, சிக்காத அவர்களுடைய உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டார்கள். அறுபது ஆண்டு கழித்தும் ஐஜிஎஃப்2 என்ற வளர்ச்சி மரபணுவில் மெத்தில் குறிகள் (மரபணு எவ்வளவு வேலை செய்யும் என்பதை மாற்றும் வேதிக் குறிகள்) குறைவாக இருந்தன (2008). கர்ப்பத்தின் எந்தக் கட்டம் என்பதை விட்டுவிடாதீர்கள். தொடக்க மாதங்களில் பஞ்சம் தாக்கியவர்களில் உடல்பருமன் கூடுதலாகவும், கடைசி மாதங்களில் தாக்கியவர்களில் குறைவாகவும் இருந்தது என்று 1976-லேயே ஓர் ஆய்வு சொன்னது. அதே பஞ்சம், எதிரெதிர் விளைவு.

– இணை உலகங்கள்: சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ், 2006. இணையத்தில் நடந்த இசைச் சோதனை. 48 பாடல்கள். பிறர் எதைப் பதிவிறக்கினார்கள் என்று தெரிந்துகொள்ளக்கூடிய எட்டுத் தனித்தனி ‘உலகங்கள்’. ஒவ்வொன்றிலும் வேறு வேறு பாடல்கள் முன்னுக்கு வந்தன. மிக நல்ல பாடல் அடியில் போவதும், மிக மோசமானது உச்சிக்குப் போவதும் அரிது. இந்தக் கடைசி வாக்கியத்தைக் கட்டாயம் எழுதுங்கள். முன்நிலை எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது என்று நீங்கள் நினைக்கவில்லை என்பதைத் தேர்வாளருக்கு அது காட்டும்.

அப்புறம், நான்கு விஷயங்களைக் குழப்பாதீர்கள். ஒப்பீட்டுக் கேள்வி முழுக்க இவற்றைச் சுற்றித்தான்.

1. தொடக்க நுண்ணுணர்வு. எட்வர்ட் லோரன்ஸ் 1961-இல் 0.506127 என்பதற்குப் பதிலாக 0.506 என்று கணினிக்குக் கொடுத்தார், வானிலைக் கணிப்பு கொஞ்ச நேரத்தில் வேறு திசைக்குப் போனது. சிறு வேறுபாடு பெரிதாகிறது, ஆனால் எதுவும் பூட்டிக்கொள்வதில்லை.
2. பாதைச் சார்பு. போன அடி அடுத்த அடியின் வாய்ப்பையே மாற்றுகிறது.
3. தயக்கம். காரணத்தைப் பின்னால் இழுத்தாலும் விளைவு அதே வழியில் திரும்புவதில்லை.
4. வழிவிடும் முன்நிலை. சிட்ரேட் கதை. அது நடக்க இடம் கொடுக்கிறது, நடந்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை.

இரண்டாவதைப் புரிந்துகொள்ளப் போலியாவின் குடுவையைக் கையால் செய்து பாருங்கள். குடுவையில் ஒரு சிவப்பு உருண்டை, ஒரு கறுப்பு உருண்டை. ஒன்றைப் பார்க்காமல் எடுங்கள், அதே நிறத்தில் இன்னொன்றைச் சேர்த்து இரண்டையும் உள்ளே போடுங்கள். முதல் பத்து முறை விகிதம் ஊசலாடும். நூறைத் தாண்டினால் அசைய மாட்டேன் என்கிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் வேறொரு விகிதத்தில் போய் நிற்கும். பழையது எங்கே தங்கியிருக்கிறது? உருண்டைகளின் எண்ணிக்கையில். இந்தக் குடுவை எந்த விகிதத்திலும் நிலைகொள்ளலாம். பொருளியலாளர் பிரையன் ஆர்தர் 1989-இல் காட்டிய வளரும் பலன் மாதிரியிலோ (எத்தனை பேர் ஏற்கிறார்களோ அத்தனை பலன் கூடும்) ஒரே தொழில்நுட்பம் சந்தையை முழுக்கப் பிடித்துவிடுகிறது. இரண்டும் ஒன்றே என்று எழுதிய விடைத்தாள்கள் நிறைய இருந்ததாகத் தேர்வுக்குப் பிறகு கேள்விப்பட்டேன்.

வாய்மொழித் தேர்வில் குவெர்ட்டி (நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் ஆங்கில விசைப்பலகையின் எழுத்து வரிசை) வரும். என்னிடமும் வந்தது. மேலான அமைப்பு இருந்தும் பழைய வரலாற்றால் குவெர்ட்டியே நிலைத்துவிட்டது என்று பொருளியலாளர் பால் டேவிட் 1985-இல் எழுதியதை மட்டும் சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: ‘அப்படியானால் ட்வோராக் விசைப்பலகை உண்மையிலேயே மேலானதா?’ ட்வோராக் என்பவர் குவெர்ட்டிக்குப் போட்டியாக உருவாக்கிய அமைப்பு அது. பொருளியலாளர்கள் லீபோவிட்ஸ், மார்கோலிஸ் இருவரும் 1990-இல் அந்த ஆதாரத்தையே கேள்விக்குள்ளாக்கினார்கள். அந்த விசைப்பலகையைப் புகழ்ந்த அமெரிக்கக் கடற்படை ஆய்வில் ட்வோராக்குக்கே தொடர்பு இருந்தது, 1956-இல் அந்நாட்டு அரசு நடத்திய சோதனையில் அந்த மேன்மை தெரியவில்லை. நான் சொன்ன பதில் இதுதான்: குவெர்ட்டி மோசமானது என்று நிரூபிக்காமலேயே அது பாதைச் சார்பு என்று சொல்லலாம். பழையது தட்டச்சாளர்களின் விரல் பழக்கத்திலும் பயிற்சியிலும் இயந்திரங்களிலும் தங்கியிருக்கிறது. அது நட்டமா இல்லையா என்பது தனிக் கேள்வி, அதற்குத் தனி ஆதாரம் வேண்டும். தேர்வாளர் அதோடு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்.

கடைசி நாட்களுக்குச் சில:

– துறைக்கு இரண்டு எடுத்துக்காட்டு போதும். கூடுதலாகச் சேர்க்காதீர்கள், உள்ளதைத் தோண்டுங்கள்.
– ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை: தங்கியிருக்கும் இடம், சாட்சி, மாற்று விளக்கம். மாற்று விளக்கம் எழுத முடியாத அட்டையை மூலக் கட்டுரையோடு மறுபடி வைத்துப் படியுங்கள்.
– எதிர்த்தரப்புக்கு (முன்நிலை எப்படி இருந்தாலும் முடிவு ஒன்றாகலாம் என்ற வாதத்துக்கு) கரீபியன் தீவுகளின் அனோலிஸ் பல்லிகள். வெவ்வேறு தீவுகளில் தனித்தனியாகப் பரிணமித்தும் ஒரே மாதிரி உடலமைப்புகள் திரும்பத் திரும்ப வந்தன. முன்நிலை வேறாக இருந்தும் முடிவு ஒன்றானது ஏன் என்ற கேள்வி கட்டுரைப் பகுதியில் எந்த வடிவிலும் வரலாம்.
– கூட்டாகப் படிப்பது எனக்கு உதவவில்லை. தனியாக, சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வாய்மொழித் தேர்வுக்கு அதுவே ஒத்திகை ஆகிவிட்டது.
– தெரியாததைக் கேட்டால் இரண்டு நொடி நிறுத்தி, பழையது அங்கே எதில் தங்கியிருக்க முடியும் என்று யோசித்துச் சொல்லுங்கள். நான் படிக்காத ஒரு மண்ணியல் கேள்விக்கு அப்படித்தான் பேசத் தொடங்கினேன், தேர்வாளரே மீதியை எடுத்துக்கொடுத்தார்.