கெண்டைச்சதை எப்போது தள்ளும்?

பிப்ரவரி 4

இன்று காயத்துக்குப் போட்டிருக்கும் மருத்துவ பூட்ஸுக்குள், குதிகாலைத் தூக்கி வைக்கும் ஆப்புகளில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். குதிகாலுக்கடியில் இன்னும் இரண்டு இருக்கின்றன. எடுத்தது ஒரு சென்டிமீட்டர் தடிமன்கூட இருக்காது, ஆனாலும் எழுந்து நின்றதும் பின்னங்காலில் ஓர் இழுப்பு. வலி இல்லை, இழுப்புதான். கெண்டைச்சதையைக் குதியெலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் நாண் அறுந்த இடம், குதியெலும்புக்கு மேலே நாலைந்து சென்டிமீட்டரில். ரத்த ஓட்டம் குறைந்த பகுதியாம். அங்கே அறுவதுதான் வழக்கம், ஆறுவதும் மெதுவாகத்தான்.

பிப்ரவரி 5

பூட்ஸோடு தூங்க முடியவில்லை.

பிப்ரவரி 9

பிசியோ பூட்ஸைக் கழற்றி, என்னைக் குப்புறப் படுக்கவைத்து, இரண்டு முழங்காலையும் மடக்கிப் பாதங்களைத் தளர்த்தச் சொன்னார். போனில் படம் எடுத்துக் காட்டினார். நல்ல காலின் விரல்கள் சற்றே கூரையை நோக்கி நிற்கின்றன. காயப்பட்ட பாதம் தட்டையாக விழுந்து கிடக்கிறது.

அந்தப் படத்தை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாண் ஒட்டிக்கொண்டால் மட்டும் போதாது, பழைய நீளத்தில் ஒட்ட வேண்டும். நீண்டுபோய் ஒட்டினால், சதை முதலில் அந்தத் தொய்வை இழுத்து முடித்த பிறகுதான் குதிகாலைத் தூக்கும். அதற்குள் அதுவே சுருங்கி, பலம் குறைந்துவிடும். பிறகு எத்தனை பயிற்சி செய்தாலும் நாண் குட்டையாகாது. அதனால்தான் பாதத்தை மேல்நோக்கி மடக்கி இழுக்கவே கூடாது என்கிறார்கள். தூக்கத்தில் அப்படி மடங்கிவிட்டால்?

பிப்ரவரி 10

அம்மா போன் பண்ணினாள். “காலை ஊனாதடா, பேசாம படுத்துக் கிட.” பூட்ஸுக்குள் ஊன்றத்தான் வேண்டும், அளவான பாரம் விழுந்தால்தான் புது நார்கள் ஒழுங்காக ஒரே திசையில் அமையும் என்றேன். காதில் வாங்கவில்லை. கடைசியில் அழுதுவிட்டாள்.

பிப்ரவரி 16

கெண்டைக்காலில் எலக்ட்ரோடு ஒட்டி நடக்கவைத்தார்கள். சதை உழைக்கும்போது எழும் மின்துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டும். முழங்காலுக்குக் கீழே உள்ள இரட்டைச் சதையில் ஒரு ஜோடி, இன்னும் கீழே பக்கவாட்டில், அடியில் கிடக்கும் சோலியஸ் என்ற சதைக்கு ஒரு ஜோடி.

நல்ல காலின் கோடு பார்க்க அவ்வளவு அழகு. பாதம் ஊன்றி, உடம்பு அதன்மேல் முன்னேற முன்னேறக் கோடு ஏறுகிறது. குதிகால் தரையை விட்டு எழும் நேரத்தில் உச்சம். கால் காற்றில் போவதற்குள் சட்டென்று அடங்கிவிடுகிறது. பூட்ஸுக்குள் இருக்கும் காலில் உச்சமே இல்லை. தாழ்வாக ஒரு மேடு, அவ்வளவுதான். இரண்டின் உயரத்தையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது, எலக்ட்ரோடு ஒட்டிய இடமும் தோலும் மாறினாலே அளவு மாறும், எப்போது ஏறி எப்போது இறங்குகிறது என்று மட்டும் பாருங்கள் என்றார் பிசியோ. பார்த்தேன். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பூட்ஸும் ஒரு காரணம். அதன் அடிப்பாகம் படகுபோல வளைந்தது, தானே உருட்டி முன்னால் கொண்டுபோய்விடும். ஆப்பு குதிகாலைத் தூக்கி வைத்திருப்பதால் நாணுக்கும் இழுவை குறைவு. சதை ஓய்வெடுக்க வேண்டிய காலம் இது என்பது புரிகிறது. ஆனால் வேலையே செய்யாமல் மறந்துவிடாதா?

பிப்ரவரி 17

மறுபடி அந்தப் படம். விரல்கள். தட்டை.

மார்ச் 5

பூட்ஸ் போயிற்று! ஷூவுக்குள் சின்ன குதிப்பட்டை. கால் எவ்வளவு இளைத்திருக்கிறது! முழங்காலுக்குக் கீழே ஒரே இடத்தில் டேப் வைத்தால் மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம்.

மார்ச் 6

குளியலறை ஈரத்தில் கால் வைக்க முடியவில்லை. முதல் மூன்று மாதத்தில்தான் திரும்ப அறுகிற ஆபத்து அதிகம். சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

மார்ச் 14

“இப்பதான் நல்லா நடக்கிறியே” என்கிறார்கள் எல்லோரும். நடக்கவில்லை. காலைத் தூக்கி வைக்கிறேன். காயப்பட்ட கால் தள்ளாததால் நல்ல காலின் அடி எட்டாமல் குட்டையாக விழுகிறது. அது யார் கண்ணுக்கும் படவில்லை. அதைவிட மோசம் கட்டைவிரல். ஒவ்வோர் அடிக்கும் தரையைக் கவ்வுகிறது, நகம் வெளுத்துப்போகும் அளவுக்கு. கட்டைவிரலை மடக்கும் சதை கெண்டைச்சதையின் வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறது. “விரலை விடுங்க, குதிகாலால தள்ளுங்க” என்று பிசியோ சொல்லும்போது விட்டுவிடுகிறேன். அவர் திரும்பியதும் கவ்விக்கொள்கிறது.

மார்ச் 15

விரல்.

மார்ச் 29

உட்கார்ந்து, தொடைமேல் பாரம் வைத்துக் குதிகால் தூக்குகிறேன். முழங்கால் மடங்கியிருந்தால் இரட்டைச் சதை தளர்ந்துவிடும், சோலியஸ்தான் உழைக்கும். இன்று சாயங்காலம் உள்ளே, ஆழத்தில், ஒரு நடுக்கம். சதை சோர்ந்து நடுங்குகிற நடுக்கம்! இத்தனை நாளில் அந்த இடத்தில் சோர்வைக்கூட உணர்ந்ததில்லை.

ஏப்ரல் 4

இரண்டு காலிலும் நின்று குதிகால் தூக்கினேன். கண்ணாடியில் பார்த்தால் உடம்பு நல்ல பக்கம் சாய்கிறது. நேராக நின்று தூக்கினால் பாதி உயரம்தான். நாண் நீண்டுவிட்டதா, சதைக்குப் பலம்தான் இல்லையா? இரண்டும் வேறு வேறு. பலம் என்றால் வந்துவிடும்.

ஏப்ரல் 6

நாளை மறுபடி எலக்ட்ரோடு. இம்முறை வேகமாகவும் நடக்கவைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், வேகம் கூடினால் சதையின் உழைப்பும் கூடும். காலையில் முடியை மழிக்க வேண்டும். க்ரீம் தடவக் கூடாது.