நாக்கு எரிச்சலும் ஐஸ்ல வச்ச எச்சிலும்

முதல்ல சூடா எதையோ குடிச்சு நாக்கை சுட்டுக்கிட்டேன்னுதான் நினைச்சேன், ரெண்டு நாள்ல சரியாயிடும்னு விட்டா மூணு மாசம் ஓடிப்போச்சு. காலைல எந்திரிக்கும்போது பெருசா ஒண்ணும் இருக்காது, மதியத்துக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா ஏறி ராத்திரி படுக்கும்போது நாக்கு நுனி, மேலண்ணம், கீழ் உதட்டுக்கு உள்பக்கம் எல்லாம் தீயா எரியும். சாப்பிடும்போது மட்டும் குறையும். டார்ச் அடிச்சுப் பாத்த எல்லாரும் "நாக்கு நல்லாத்தானே இருக்கு"ன்னாங்க, ஒரு டாக்டர் எல்லாம் மனசுதான்னு சொல்லிட்டார், அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழுதுட்டேன்.

அப்புறம் பாத்த டாக்டர்தான் ஒவ்வொண்ணா தேடினாங்க. இரும்பு, பி12, ஃபோலேட், சுகர், தைராய்டு, பூஞ்சை இருக்கான்னு ஸ்வாப், போட்டுக்கிட்டிருக்கிற பிபி மாத்திரைகூட என்னன்னு கேட்டாங்க, சில பிபி மாத்திரையாலயும் வாய் எரியுமாம். எல்லாம் நார்மல். அதுக்கப்புறம்தான் பர்னிங் மவுத் சின்ட்ரோம், அதாவது வாய் எரிச்சல் நோய்னு பேர் சொன்னாங்க. தினமும் 2 மணி நேரத்துக்கு மேல, 3 மாசத்துக்கு மேல எரியணும், பாத்தா புண்ணு எதுவும் இருக்கக்கூடாது, அதான் கணக்கு. மாதவிடாய் நின்ன பெண்களுக்குத்தான் அதிகம் வருது, நானும் அதே கட்டத்துலதான் இருக்கேன்.

ஆராய்ச்சிக்கு எச்சில் தர முடியுமான்னு கேட்டாங்க, சரின்னேன். அதுக்கு முன்னாடி சாப்பிடக்கூடாது, பல் தேய்க்கக்கூடாது, காலைலயே வரணும். தலையைக் குனிஞ்சு உக்காந்து, துப்பாம, வாயில ஊறுறது தானா ட்யூபுக்குள்ள சொட்டணும். ட்யூபை உடனே ஐஸ்ல வச்சுட்டாங்க. ஏன்னு கேட்டேன். நரம்பு நுனிங்க சப்ஸ்டன்ஸ் பி, சிஜிஆர்பி மாதிரி நியூரோபெப்டைடுகளை, அதாவது சேதி சொல்ற குட்டிப் புரதத் துண்டுகளை விடும், வலி விஷயத்துல அதுங்களுக்குப் பெரிய பங்கு இருக்கு, ஆனா சப்ஸ்டன்ஸ் பி வெறும் 11 அமினோ அமிலம்தான், எச்சில்ல இருக்கிற என்சைம் அதைச் சீக்கிரமே வெட்டிப்போட்டுடும், ஐஸ்ல வச்சா அது மெதுவாகும்னாங்க. என்னை மாதிரி ஆளுங்க எச்சில்ல நரம்பு வளர்ச்சிக் காரணி, அதான் என்ஜிஎஃப், கூடவும் சப்ஸ்டன்ஸ் பி குறைவாவும் இருந்ததா ஒரு ஆய்வுல வந்திருக்கு, அதுல சிஜிஆர்பி மாறவே இல்லையாம். 2005ல வந்த இன்னொரு ஆய்வுல நாக்குத் தோலை எடுத்துப் பாத்தா மெல்லிசான நரம்பு இழைங்க குறைஞ்சிருந்துச்சாம். அதைக் கேட்டப்போ எனக்கு எவ்வளவு நிம்மதின்னு சொல்லத் தெரியல, கண்ணுக்குத் தெரியாத இடத்துல நிஜமாவே ஏதோ கெட்டிருக்கு, நான் கற்பனை பண்ணல.

ஆனா எச்சிலை வச்சு இந்த நோய் இருக்கா இல்லையான்னு உறுதியா சொல்ற டெஸ்ட் இன்னும் வரல, யாராவது அப்படிச் சொல்லி காசு கேட்டா தராதீங்க.

எனக்குப் பலன் கொடுத்தது குளோனசெபாம்ங்கிற மாத்திரை. முழுங்கக்கூடாது, 3 நிமிஷம் வாயிலயே கரையவிட்டு துப்பணும். தூக்கம் வரும், பழகிப்போற மருந்தும்கூட, அதனால டாக்டர் எழுதிக் கொடுத்தா மட்டும்தான். நுரைக்கிற பேஸ்ட்டையும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷையும் விட்டுட்டேன். ராத்திரி எரிச்சல் பத்துக்கு எட்டுல இருந்தது இப்போ மூணு, நாலுல நிக்குது, தினமும் நோட்டுல எழுதி வைக்கிறேன், அடுத்த தடவை எச்சில் தரப் போகும்போது அந்த நோட்டையும் கொண்டு வரச் சொல்லியிருக்காங்க.