அப்பா கொடுக்காமல் விட்ட படிவம்

பெப்ரவரி 4

நேற்று அப்பாவின் முப்பத்தோராம் நாள் முடிந்தது. போகும்போது பெரிய மாமா வாசலில் நின்று, "மகள், அப்பாட காணி பூமியெல்லாம் என்ன மாதிரி? எடுத்துப் பாருங்க" என்றார். அந்த நேரம் எனக்குக் கோபம்தான் வந்தது. ஈரம் காயவில்லை, அதற்குள் காணியா என்று. இரவு நித்திரை வராமல் கிடந்தபோது அவர் கேட்டதில் பிழையில்லை என்று பட்டது. அம்மாவிடம் இதைக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

பெப்ரவரி 11

தங்கச்சியும் நானும் அலுமாரிக்கு மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கும் எங்கள் வீடு அம்மம்மா அம்மாவுக்குக் கொடுத்த சீதனம், உறுதிப் பத்திரம் அம்மாவின் பெயரில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளைதான் குடிவருவார். அப்பாவும் அப்படித்தான் களுவாஞ்சிகுடியிலிருந்து வந்தவர். அங்கே அவர் பெயரில் அரை ஏக்கர் தென்னங்காணி உண்டு, அதற்கும் உறுதி இருக்கிறது.

வயல்தான் வேறு. வவுணதீவுக்கு அப்பால், உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் இரண்டரை ஏக்கர். அது அரச காணி, அப்பாவிடம் இருந்தது உறுதி அல்ல, பயிர் செய்ய அரசு கொடுத்த பெர்மிட். அந்தப் பெர்மிட்டுக்குள் நான்காக மடித்த ஒரு படிவம் கிடந்தது. பின்னுரித்தாளர் நியமனம், அதாவது தனக்குப் பிறகு வயல் யாருக்கு என்று எழுதிக் கொடுப்பது. தம்பியின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கீழே அப்பாவின் கையெழுத்து. 2019 ஆம் ஆண்டுத் திகதி. எந்த முத்திரையும் இல்லை.

அப்பா நிரப்பி வைத்திருக்கிறார். கொடுக்கவில்லை.

பெப்ரவரி 13

வங்கி. தன் கணக்குக்குப் பின்னுரித்தாளராக அப்பா நியமித்திருந்தது அப்பம்மாவின் பெயர். அவர் காலமாகிப் பதினாறு வருடம். கணக்கைத் திறந்த நாளில் எழுதியதை அப்பா பிறகு மாற்றவே இல்லை.

மார்ச் 4

சட்டத்தரணியிடம் போனோம். பொறுமையாகச் சொன்னார். தேசவழமை என்ற வழமைச் சட்டம் யாழ்ப்பாணத்தாருக்கு, எங்களுக்கு இல்லை. மட்டக்களப்பில் முன்பு முக்குவர் சட்டம் இருந்தது, தாய்வழியே சொத்துப் போன முறை. அதுவும் இப்போது இல்லை. எழுதி வைக்காமல் இறந்தால் 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க மரபுரிமைக் கட்டளைச் சட்டம்தான். தென்னங்காணியில் பாதி அம்மாவுக்கு. மற்றப் பாதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. இதில் எங்களுக்குள் பேச்சே இல்லை.

வயலுக்கு இந்தக் கணக்குச் செல்லாது. அது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. படிவத்தை நீட்டினேன். பார்த்துவிட்டு மெதுவாக மேசையில் வைத்தார். நியமனப் படிவம், பெர்மிட்காரர் உயிரோடு இருக்கும்போதே பதிவாகியிருக்க வேண்டுமாம். பதிவாகாத படிவம் படிவமே இல்லை.

தம்பி ஒன்றும் பேசவில்லை. பன்னிரண்டு வருடமாக அந்த வயலைச் செய்கிறவன் அவன். அப்பாவுக்கு முழங்கால் ஏலாமல் போனதிலிருந்து வரம்பு கட்டியதும், இரவில் யானைக்காவல் இருந்ததும் அவன்தான்.

மார்ச் 6

பிரதேச செயலகத்தின் காணிக் கிளை. பெயர் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும் மனைவிக்கு உரிமை உண்டு என்று அங்கே சொன்னார்கள். அம்மா தன் காலம்வரை செய்யலாம், ஆனால் விற்கவோ வேறொருவருக்கு எழுதிக் கொடுக்கவோ முடியாது. ஆறு மாதத்துக்குள் அம்மா வயலைப் பொறுப்பெடுக்க வேண்டும். அம்மாவுக்குப் பிறகு சட்டத்தின் அட்டவணை சொல்கிற ஒழுங்குதான். முன்பு அதில் ஆண்களுக்கு முதலிடம் இருந்தது, 2022 இல் திருத்தினார்கள். பெண்ணாக எனக்கு அது சந்தோஷம், அது நியாயமான திருத்தம். ஆனால் இந்த ஒரு வயலில், பாடுபட்ட தம்பிக்கே போக வேண்டும் என்று நானும் தங்கச்சியும் ஆசைப்படுகிறோம். எங்கள் பங்காக என்ன கடிதம் வேண்டுமானாலும் கொடுப்போம். அப்பாவின் அந்தக் கையெழுத்துக்கு இருந்திருக்கக்கூடிய பலம் அதற்கு வராது.

வலையிறவுப் பாலத்தில் திரும்பி வரும்போது தம்பி மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தினான். "அப்பா ரெண்டு தரம் கேட்டவர் அக்கா, செயலகத்துக்குக் கூட்டிப் போறியாண்டு. அறுவடை முடியட்டும் எண்டு நான்தான் சொன்னன்" என்றான். வாவியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான். நானும் அழுதேன்.

மார்ச் 23

அம்மாவின் பெயரில் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. மரண அத்தாட்சிப் பத்திரம், விவாக அத்தாட்சிப் பத்திரம், கிராம சேவையாளரின் கடிதம். மூன்று தரம் அலைந்தோம்.

ஏப்ரல் 7

அம்மாவே பேச்சை எடுத்தார். "என்ட வீட்டையும் இப்படி விட்டுட்டுப் போக மாட்டன் மனே, உறுதி எழுதுற நொத்தாரிசைக் கூப்பிடு." வீடு தங்கச்சிக்கு என்பது எப்போதோ முடிவானது. உடனே நன்கொடை உறுதி எழுதிவிடலாம் என்று அம்மா நினைத்தார். நான் மறித்தேன். எழுதுவதானால் உயிரோடு இருக்கும்வரை வீட்டை அனுபவிக்கும் சீவிய உரித்தை அம்மா தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இறந்த பிறகே செல்லுபடியாகும் மரணசாதனம் எழுதினால் போதும். தங்கச்சி தங்கமானவள்தான். ஆனாலும் எழுபத்திரண்டு வயதில் அம்மா சொந்த வீட்டில் யாருடைய தயவிலும் இருக்கக்கூடாது.

அம்மா மரணசாதனத்தைத் தெரிந்தெடுத்தார். நொத்தாரிசுக்கு முன்னால், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்து. நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டுமாம். சொத்துப் பெறுகிறவர்களைச் சாட்சியாகப் போட வேண்டாம் என்றும் நொத்தாரிசு சொல்லியிருக்கிறார், ஆகவே அடுத்த வீட்டு அக்காவும் பெரிய மாமாவும் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி.

தம்பி சிறுபோகத்துக்கு வயலை உழத் தொடங்கிவிட்டான்.