ஹெபடைடிஸ் சி குணமான பிறகும் டயாலிசிஸுக்கு அலைந்த கதை

அத்தைக்கு ஹெபடைடிஸ் சி, அதாவது ரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று, முழுசாகக் குணமாகிவிட்டது. அதை டயாலிசிஸ் சென்டரை நம்ப வைக்கப் பட்ட பாடுதான் பெரும்பாடு, இன்னும் கோபம் ஆறவில்லை.

வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் ஆன்டிபாடி (வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள்) பாசிட்டிவ் என்று வந்த அன்றே, "எங்ககிட்ட பாசிட்டிவ் ஆளுங்களுக்குத் தனி மெஷின் இல்லை, வேற இடம் பாருங்க" என்று சொல்லிவிட்டார்கள். வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் செய்தே ஆக வேண்டியவரை! முதல்வர் காப்பீட்டு அட்டையை வைத்துத் தூரத்தில் ஓரிடம் பிடித்தோம். கூடப் போகும் ஒவ்வொரு நாளும் மாமாவுக்குக் கூலி போச்சு.

அடுத்தது வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை. தனியார் லேபில் ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனை, மாத்திரை இரண்டுமே இலவசம். ஆனால் அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு எழுதுபவருக்கே அது தெரியவில்லை, அங்கே போ இங்கே போ என்று விரட்டி, கடைசியில் லேபுக்குப் போனால் ரத்தம் எடுக்கும் நேரம் முடிந்துவிட்டது. நாளைக்கு வாங்க என்கிறார், நாளைக்கு டயாலிசிஸ்! நீங்கள் போனால் யாரிடமும் நோயை விளக்கிக்கொண்டிருக்காமல், ஹெபடைடிஸ் சிகிச்சை மையம் எங்கே என்று மட்டும் கேளுங்கள்.

சோஃபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும் சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று, 12 வாரம். தொந்தரவில்லாமல் முடிந்தது. ஒன்று மட்டும், நெஞ்செரிச்சலுக்குப் போடும் மாத்திரை இந்த மருந்து உடம்பில் சேருவதைக் குறைக்கும், இதயத் துடிப்புக்குத் தரும் அமியோடரோன் இதோடு சேர்ந்தால் ஆபத்து. அதனால் வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து மறுபடி வைரல் லோடு பார்க்க வேண்டும், தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள். அத்தைக்கு வைரஸ் இல்லை என்று வந்தது. சந்தோஷமாகப் பழைய சென்டருக்குப் போனால் திரும்பவும் ஆன்டிபாடிதான் பார்த்தார்கள், பாசிட்டிவ், இடமில்லை. குணமானாலும் ஆன்டிபாடி ரத்தத்தில் தங்கும், வைரஸ் இருக்கிறதா என்பதை வைரல் லோடுதான் காட்டும். தினமும் நோயாளிகளைப் பார்க்கிறவர்களுக்கு இதுகூடத் தெரியாதா? அப்புறம் சிகிச்சை மைய டாக்டரிடம் கடிதம் வாங்கிப்போய் நீட்டிய பிறகுதான் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கடைசிப் பரிசோதனையில் வைரஸ் இல்லை என்று வந்ததும், சென்டர் கேட்பதற்கு முன்பே இந்தக் கடிதத்தை வாங்கி, ரிப்போர்ட்டோடு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

இதற்குத் தடுப்பூசி கிடையாது, குணமானவருக்கும் திரும்பத் தொற்றலாம். நர்ஸ் அடுத்த படுக்கைக்குப் போகுமுன் கையுறை மாற்றுகிறாரா என்று மாமா இப்போது பார்த்துக்கொண்டே இருக்கிறார், மாற்றவில்லை என்றால் கேட்டும் விடுகிறார்.